குழந்தையின் ஞாபகத்தை விநாடிகளில் அளப்பது எப்படி?

எட்டு மாதக் குழந்தையிடம் கேள்வி கேட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அது கையை எங்கே நீட்டுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே தன் சொந்தக் குழந்தைகளிடம் கவனித்து 1930களில் எழுதிய ஒளித்துவைக்கும் விளையாட்டுதான் இது. 'ஏ-நாட்-பி' சோதனை என்பார்கள்: பொம்மையை முதலில் 'ஏ' என்ற இடத்திலும் பிறகு 'பி' என்ற இடத்திலும் ஒளித்தால், குழந்தை பழைய 'ஏ'வுக்கே கை நீட்டுகிறதா என்று பார்ப்பது. ஏழரை மாதத்திலிருந்து ஒரு வயது வரை செய்து பார்க்கலாம்.

ஒரே மாதிரி இரண்டு கைக்குட்டை, குழந்தைக்குப் பிடித்த பொம்மை (விழுங்க முடியாத அளவில்), வீடியோ எடுக்க ஒரு போன். இவை போதும். தூங்கி எழுந்து, பால் குடித்த பிறகு தொடங்குங்கள்.

1. அம்மா மடியில் குழந்தை. எதிரே மேசையில், கைக்கு எட்டும் தூரத்தில், இடப்பக்கம் ஒரு கைக்குட்டை, வலப்பக்கம் ஒன்று.

2. குழந்தை பார்க்கும்போதே பொம்மையை இடப்பக்கம் ஒளியுங்கள். அம்மா அதன் கைகளை மெதுவாகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணுங்கள். இல்லாவிட்டால் குழந்தை அந்தத் துணியையே வெறித்துக்கொண்டிருக்கும். ஞாபகத்துக்கு வேலையே இருக்காது. அப்புறம் கைகளை விடலாம். அதே பக்கத்தில் இரண்டு முறை சரியாக எடுக்கட்டும்.

3. இப்போது வலப்பக்கம். மற்றதெல்லாம் முன்பு போலவே. உட்கார்ந்திருக்கும் குழந்தையை இடையில் எழுப்பி நிற்க வைத்தால்கூட முடிவு மாறிவிடலாம்.

4. சரியாக எடுத்தால் அடுத்த சுற்றில் கைகளைப் பிடித்து எண்ணும் நேரத்தை இரண்டு விநாடி கூட்டுங்கள். எத்தனை விநாடியில் பழைய பக்கத்துக்கே கை போகிறதோ, அதுதான் நீங்கள் தேடும் அளவு.

வீடியோவில் கண்ணையும் கையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சில குழந்தைகள் வலப்பக்கத்தைப் பார்த்தபடியே இடப்பக்கத் துணியை இழுக்கும்! பொம்மை எங்கே என்று தெரியும், ஆனால் பழகிய கையை அடக்க முடியவில்லை. என் கணக்கில், வெறும் சரி/தவறைவிட இதுதான் அதிகம் சொல்கிறது. ஞாபகமும் சுயக்கட்டுப்பாடும் இங்கேதான் பிரிந்து தெரிகின்றன.

உளவியல் ஆய்வாளர் அடெல் டயமண்ட் 25 குழந்தைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், பழைய பக்கத்துக்குக் கை போகாமல் தாங்கும் நேரம் மாதத்துக்குச் சுமார் 2 விநாடி கூடியது. ஒரு வயதில் 10 விநாடியைத் தாண்டியது. நீங்களும் இரண்டு வார இடைவெளியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் விநாடியோடு ஒப்பிட வேண்டாம். குழந்தை சிணுங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், பொம்மையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.