பிரசங்கத் தாளில் இரண்டு பேனா

போதகர்களாகப் போகிறவர்களைப் பயிற்றுவிக்கும் லுத்தரன் செமினரியில் பிரசங்க வகுப்பு எடுக்கிறவன் நான். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஐயா, மூன்று பாயிண்ட் எப்படிப் பிடிப்பது?" என்றுதான். பாயிண்ட் தானாக வரும். ஒரு சிவப்புப் பேனாவும் ஒரு நீலப் பேனாவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று சொல்கிறேன்.

திருமறைப் பகுதியை நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை, எந்த ஞாயிறு எந்தப் பகுதி என்று சொல்லும் வாசகப் பட்டியல் கொடுத்துவிடும். மூன்றாண்டுச் சுழற்சியில் ஒரு வருடம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா, இடையிடையே யோவான். உங்களுக்குப் பிடித்த நாலு வசனத்தையே வருடம் முழுக்கச் சபையின் தலையில் கட்டாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. திங்கட்கிழமை அந்தப் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். மறுநாளும் வாசியுங்கள். விளக்கவுரையைப் புதன்வரை தொட வேண்டாம். முதலிலேயே அதைத் திறந்தால் யாரோ கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் தேடிக்கொண்டிருப்பீர்கள். கிரேக்கம் பாதி மறந்து போயிருந்தாலும் நாலைந்து வசனத்தை மூலத்தில் வாசியுங்கள். தட்டுத்தடுமாறி வாசிக்கும்போதுதான் வேகமாக வாசித்ததில் தப்பிப்போனது கண்ணில் படும்.

இப்போது பேனா. பிரசங்கத்தை முழுதாக எழுதி முடித்தபின், நாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வாக்கியங்களுக்கு நீலக் கோடு போடுங்கள். தேவன் என்ன செய்தார், செய்கிறார், கொடுக்கிறார் என்று சொல்லும் வாக்கியங்களுக்குச் சிவப்பு. முன்னதை நியாயப்பிரமாணம் என்கிறோம், பின்னதைச் சுவிசேஷம் என்கிறோம்.

லூக்கா 17-ல் வரும் பத்துக் குஷ்டரோகிகளை எடுத்துக்கொள்வோம். இயேசு பத்துப் பேரையும் சுகமாக்க, ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வருகிறான். மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் அநேகமாக ஒரே பிரசங்கம்தான் வரும்: ஒன்பது பேர் நன்றி கெட்டவர்கள், நாம் அப்படி இருக்கக் கூடாது, நன்றியோடு வாழ்வோம், ஆமென். கோடு போட்டுப் பார்த்தால் தாள் முழுக்க நீலம். பகுதியோ அப்படி இல்லை. "அவர்கள் போகையில் சுத்தமானார்கள்" என்கிறது 14-ம் வசனம். யாரும் நன்றி சொல்வதற்கு முன்பே சுகம் கொடுத்தாகிவிட்டது. திரும்பி வராதவர்களிடமிருந்து இயேசு அதைப் பிடுங்கிக்கொண்டதாக லூக்கா எழுதவில்லை. "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. அது நியாயப்பிரமாணம். அதை மழுப்பாதீர்கள், கேட்கிறவர் மேலும் பிரசங்கிக்கிறவர் மேலும் விழட்டும். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இயேசு எருசலேமுக்குப் போகிற வழியில் இது நடக்கிறது என்று 11-ம் வசனம் சொல்கிறது. தூரத்திலே நின்று கூப்பிட வேண்டியிருந்தவர்களைச் சுத்தமாக்கியவர், பிறகு தாமே நகர வாசலுக்குப் புறம்பே தள்ளப்பட்டுப் பாடுபட்டார். நன்றி கெட்டவர்களுக்காகவும்தான். சிவப்புப் பேனாவுக்கு வேலை இங்கேதான்.

இன்னொன்று. "கிறிஸ்து பாவங்களை மன்னிக்கிறார் என்று திருச்சபை போதிக்கிறது" என்பது தகவல். "கிறிஸ்துவினிமித்தம் உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்பது பிரசங்கம். சபையைப் பார்த்து இரண்டாவதைச் சொல்ல மாணவர்களுக்குக் கூச்சம். வகுப்பில் அதைச் சொல்ல வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

நீலம் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புத்திசொல்லாத பவுலின் நிருபம் எது? எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதைப் பாருங்கள். "செய்தால் கிடைக்கும்" என்று வாக்கியம் அமைந்தால் அடியுங்கள். "கிடைத்தது, ஆகையால் செய்வோம்" என்றால் இருக்கட்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் செமினரியில் வால்த்தர் என்ற லுத்தரன் இறையியலாளர் 1884, 1885-ம் ஆண்டுகளில் மாணவர்களுக்கு மாலை நேரங்களில், நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் பகுத்தறிவதைப்பற்றியே விரிவுரை செய்தார். 25 கூற்றுகளாக வகுத்துக்கொண்டு பேசினார். இந்தப் பகுத்தறிதல் அனுபவப் பள்ளியில் பரிசுத்த ஆவியானவர் கற்றுத்தரும் மிகக் கடினமான கலை என்பது அவற்றில் ஒன்று. இரண்டு பேனா அந்தப் பள்ளிக்குப் பதிலாகாது. வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் சீட்டு, அவ்வளவுதான்.

சக மாணவர் பிரசங்கித்து முடித்ததும் "நல்லா இருந்தது" என்று சொல்லி எழுந்து போகாதீர்கள். "இன்றைக்கு எனக்கு என்ன கொடுக்கப்பட்டது?" என்ற கேள்விக்குப் பதிலை ஒரே வரியில் எழுதி அவரிடம் கொடுங்கள். எழுத ஒன்றும் வரவில்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

போதனைக்கு வருவோம். சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-ல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் பாடநூலை வெளியிட்டதற்குக் காரணம், சபைகளைச் சுற்றிப் பார்த்தபோது ஜனங்களுக்கு அடிப்படைகூடத் தெரியாமலிருந்ததும், குருமார் பலருக்குக் கற்பிக்கத் தெரியாமலிருந்ததும்தான். முன்னுரையில் அவர் சொல்லும் ஒரு யோசனையை இன்றைக்கும் அப்படியே பின்பற்றலாம்: ஒரே வாசகத்தைத் தேர்ந்தெடுத்து, வருடா வருடம் வார்த்தை மாற்றாமல் சொல்லிக்கொடுங்கள். மாற்றி மாற்றிச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். மனப்பாடம் ஆனபின் விளக்கம். பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில், பொய்ச்சாட்சியைப்பற்றிய எட்டாம் கற்பனையை நடத்தும்போது, "பொய் சொல்லாதே" என்பதோடு முடித்துவிடாதீர்கள். அயலானுக்காகப் பரிந்து பேசவும், அவனைப்பற்றி நல்லதைச் சொல்லவும், அவன் செய்ததற்கெல்லாம் கூடியவரை நல்ல அர்த்தம் எடுக்கவும் வேண்டும் என்கிறது லுத்தரின் விளக்கம். யாராவது ஒருவரைப்பற்றி வாட்ஸப் குழுவில் வரக்கூடிய ஒரு செய்தியைப் பலகையில் எழுதி, இதற்கு நல்ல அர்த்தம் எப்படி எடுப்பது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வகுப்பு அதற்குமேல் தானாக ஓடும்.

பாடத்திட்டத்தில் சபை வரலாறு, ஆராதனை முறைமை, எபிரெயம் எல்லாம் இருக்கும், படித்துத் தேறிவிடுவீர்கள். விசுவாச அறிக்கைகளை மட்டும் பரீட்சைக்காகப் படிக்காதீர்கள். லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான 1530-ம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் 5-ம் பிரிவையும் 14-ம் பிரிவையும் சேர்த்து வாசியுங்கள். விசுவாசத்தை நாம் பெறும்படி தேவன் சுவிசேஷத்தைப் போதிக்கும் ஊழியத்தை ஏற்படுத்தினார் என்கிறது முந்தியது. முறைப்படி அழைக்கப்படாதவர் சபையில் பகிரங்கமாகப் போதிக்கக் கூடாது என்கிறது பிந்தியது. "எனக்குள் அழைப்பை உணர்கிறேன்" என்பது மட்டும் போதாது, சபையும் கூப்பிட வேண்டும். பேச்சுத்திறமை உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

இறையியலாளரை உருவாக்குவது ஜெபம், தியானம், சோதனை என்று லுத்தர் 1539-ல் 119-ம் சங்கீதத்திலிருந்து எடுத்துச் சொன்னார். முதல் இரண்டுக்கும் கால அட்டவணை போடலாம். மூன்றாவது அட்டவணை பார்த்து வராது. பல செமினரிகளில் ஒரு சபையில் தங்கிப் பயிற்சி பெறும் காலம் உண்டு. சோதனை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். போன முதல் வாரத்திலேயே, வியாதியஸ்தருக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்கப் போகும்போது உங்களையும் அழைத்துப் போகும்படி மூத்த போதகரிடம் கேளுங்கள். படுக்கையருகே நிற்காதீர்கள், நாற்காலி போட்டு உட்காருங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சங்கீதம் சின்னதாக இருக்கட்டும். பிரசங்கம் இரண்டு வாக்கியம் போதும், இரண்டும் சிவப்பு.

சனிக்கிழமை மதியம் தாளை எடுத்து நின்றுகொண்டே உரக்க வாசியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். அதற்குமேல் புது உதாரணம் எதையும் சேர்க்காமல், நேரத்தோடு தூங்கப் போங்கள்.