கோவைக்குப் படிக்க வரும் மலேசியத் தம்பி தங்கைகளுக்கு: பழைய மடிக்கணினியைத் திறக்கும் முன்

கிள்ளானோ ஈப்போவோ, எங்கிருந்து புறப்பட்டாலும் கோயம்புத்தூருக்கு நாம் ஒரே நினைப்பில்தான் வருகிறோம்: தமிழ் பேசும் ஊர், நமக்கென்ன கஷ்டம்? நானும் அப்படித்தான் அப்பாவின் பழைய மடிக்கணினியைத் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வந்தேன். அதனுள்ளே வைஃபையைப் பிடிக்கும் கார்டு எப்போதோ செத்துவிட்டது. "அங்கே போய்ப் போட்டுக்கொள் அம்மா, மலிவாகக் கிடைக்கும்" என்றார் அப்பா.

அரசாங்க வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். மாணவர் விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவை இணையத்தில் செய்ய வேண்டும். கடவுச்சீட்டு, விசா நகல்களைக் கொடுத்து இந்திய சிம் வாங்குங்கள். இங்கே எதற்கெடுத்தாலும் ஓடிபி கேட்பார்கள். நம் ஊர் மூன்று பட்டைமுனை பிளக் இங்குள்ள சுவரில் நுழையாது, அடாப்டர் அவசியம்.

சிம் வேலை செய்யத் தொடங்கியதும் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரால் மடிக்கணினியில் இணைத்து, போனின் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைத் தட்டுங்கள். வைஃபை கார்டே இல்லாமல் இணையம் வந்துவிடும். இதை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் காந்திபுரத்துக்கு அவசரமாக ஓடியிருக்க மாட்டேன்.

அங்கே ஒரு பழுதுபார்க்கும் கடையில் மடிக்கணினியைக் கவிழ்த்து, பேட்டரியைக் கழற்றி, அடியிலிருந்த சிறு மூடியைத் திறந்தார்கள். தீப்பெட்டியை விடச் சிறிய பச்சைத் தகடு. அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்கள், நுனியில் கடுகளவு பித்தளைக் குமிழ். புதிய கார்டைச் செருகி, குமிழ்களை நகத்தால் 'டிக்' என்று அழுத்தினார் கடைக்காரர். 1,400 ரூபாய் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் ஒரே வரி: அனுமதியில்லாத கார்டு செருகப்பட்டுள்ளது, கழற்றிவிடவும். அதற்கு மேல் விண்டோஸ் வரைகூடப் போகவில்லை.

கார்டில் பழுதில்லை. ஏறக்குறைய 2013 வரை வந்த அலுவலக வகை மடிக்கணினிகள் பலவற்றில், எந்தெந்த கார்டுகளை ஏற்கலாம் என்ற பட்டியலைத் தயாரிப்பாளர்களே பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலில், எழுதிவைத்திருந்தார்கள். பட்டியலில் இல்லாத கார்டு எவ்வளவு நல்லதானாலும் உள்ளே விடாது. கடைக்காரருக்கு இது தெரிந்தே இருந்தது. "சில மாடலில் அப்படித்தான் வரும்ங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். இன்னொரு 1,500 கொடுத்தால் பயாஸையே மாற்றி எழுதித் தருவதாகச் சொன்னார். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். எழுதுவது பாதியில் நின்றால் மதர்போர்டே போய்விடும்.

பீளமேட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். 'பசியாறினாயா' என்று ஒரு குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. வீட்டுக்கார அத்தை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "ஏன் அம்மிணி, முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டு, அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றி முன்னால் வைத்தார். பம்பு கம்பெனியில் வேலை செய்யும் அவர் மகன்தான் வழி சொன்னார்: யுஎஸ்பி வைஃபை அடாப்டர். வெளியே செருகுவதை அந்தப் பட்டியல் தடுப்பதில்லை.

அதிலும் பார்த்து வாங்குங்கள். வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வரும். மிக மலிவான குட்டி அடாப்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். விடுதியில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்திருந்தால் அந்த வைஃபையின் பெயரே திரையில் தெரியாது. இரண்டும் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சிலவற்றுடன் குறுந்தகட்டில் தருவார்கள். தகடு போட இடமில்லை என்றால் போன் டெதரிங்கில் இறக்கிக்கொள்ளுங்கள். உள்ளே பொருத்துவதுதான் வேண்டுமென்றால், உங்கள் மாடலுக்கான பராமரிப்புக் கையேட்டில் அனுமதித்த கார்டுகளின் பாக எண்கள் இருக்கும். அந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள். வேலை செய்யாவிட்டால் திரும்பப் பெறுவோம் என்று பில்லில் எழுதி வாங்கிய பிறகே பணத்தை எடுங்கள்.

என் அறைக்கும் ரௌட்டருக்கும் நடுவே இரண்டு கனமான சுவர்கள். 2.4 ஓரளவு தாண்டி வருகிறது, 5 வருவதில்லை. அடாப்டரை ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டி ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். ஞாயிறு காலை வீடியோ அழைப்பில் அம்மா இப்போது தடங்கலில்லாமல் தெரிகிறார்.