இணையவழி ஆலோசனை முதுகலை: தோட்டப்புற நகரங்களிலிருந்து படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் வாழும் ஒருவர், வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிப்பது எளிதன்று. ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் சமூகநல அமைப்புகளில் தொண்டாற்றுகிறவர்களும் பள்ளி ஆலோசனை, மனநல ஆலோசனை ஆகிய துறைகளின் முதுகலையை இணையவழியில் படிக்க முன்வருவது இயல்பே. ஆனால் இது வீட்டிலேயே தொடங்கி வீட்டிலேயே முடித்துவிடக்கூடிய படிப்பன்று. பாடம் மட்டும்தான் இணையத்தில் வரும். ஆளை நேரில் அமர்த்திச் செய்ய வேண்டிய களப்பயிற்சிக்கும், பட்டத்துக்குப் பிறகு பெற வேண்டிய தொழில் பதிவுக்கும் வெளியே சென்று அலைந்துதான் ஆக வேண்டும். இவ்விரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதுதான் ஏனைய தவறுகள் பலவற்றுக்கும் மூலம்.

மலேசியத் தகுதி முகமையாகிய எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருந்தால் போதும் என்று எண்ணிச் சேர்ந்துவிடுவது பரவலான தவறு. மலேசியாவில் ஆலோசகர் தொழிலை 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், அதாவது 580ஆம் சட்டம், நெறிப்படுத்துகிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த ஆலோசகர் வாரியத்தில், நடைமுறைப் பேச்சில் லெம்பாகா கவுன்சலர் என்று சொல்லப்படும் அமைப்பில், பதிவு பெறாமல் ஆலோசகராகத் தொழில் செய்வது குற்றம். எம்.கியூ.ஏ. ஒரு கல்வித் திட்டத்தின் தரத்தைப் பார்க்கிறது. வாரியமோ அந்தப் பட்டத்தைப் பெற்றவர் தொழில் செய்யத் தகுந்தவரா என்று பார்க்கிறது. கேள்விகள் இரண்டும் வெவ்வேறானவை. ஆகவே, எந்தத் திட்டத்தில், எந்தப் படிப்பு முறையில் சேரப்போகிறோமோ அதே திட்டமும் அதே முறையும் வாரியப் பதிவுக்கு ஏற்கப்படுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சேர்க்கைப் பிரிவில் தொலைபேசியில் பேசுகிறவர் "பிரச்சினை இல்லை" என்று சொல்வதை அங்கீகாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. முன் அனுபவத்தைக் கணக்கில் கொள்ளும் அபெல் வழியாக முதுகலையில் இடம் பெற நினைப்பவர்கள், தங்கள் முதல் பட்டம் பற்றி வாரியம் என்ன எதிர்பார்க்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பல்கலைக்கழகக் கதவு திறந்துவிட்டதால் வாரியத்தின் கதவும் திறக்கும் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை.

வெளிநாட்டுப் பட்டங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். அமெரிக்காவில் காக்ரெப் எனும் அமைப்பு ஆலோசனைக் கல்வித் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. பாட அளவில் 60 பருவக் கிரெடிட் மணிநேரம், 100 மணிநேர முன்களப்பயிற்சி, 600 மணிநேர உள்ளகப் பயிற்சி என்பவை அது வகுத்துள்ள அளவுகள். தரமான ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே தொழில் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது. பள்ளி ஆலோசகருக்கான உரிமமும் மனநல ஆலோசகருக்கான உரிமமும் தனித்தனியானவை. இணையவழித் திட்டங்கள் பல, தங்களுக்கு அனுமதி உள்ள மாநிலங்களில் வசிப்பவர்களையே சேர்த்துக்கொள்கின்றன. சேர முடிந்தாலும், சட்டமும் நெறிமுறையும் என்ற பாடத்தில் அங்குள்ள மாநிலச் சட்டத்தைத்தான் படிப்போம். நம் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டமோ, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த 309ஆவது பிரிவு 2023இல் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டதோ அந்தப் பாடத்தில் வராது.

மனநலத் துறையில் யார் எதைச் செய்யலாம் என்பதைத் தெளிவாக அறியாமல் சேர்வதும் ஏமாற்றத்தில் முடியும். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. மருத்துவ உளவியலாளர்கள் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். ஆலோசனை முதுகலை அந்தத் தகுதியைத் தராது. பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரிய வேண்டும், ஏனெனில் 1911 முதல் தஞ்சோங் ரம்புத்தானில் இயங்கிவரும் பஹாகியா மனநல மருத்துவமனையின் பெயர் நம் வீடுகளில் கேலிச் சொல்லாகவே புழங்குகிறது. அந்தப் பெயருக்கு அஞ்சியே பலர் மருத்துவமனைப் பக்கம் போகாமல் தெரிந்த ஆசிரியரிடம் வந்து அமர்கிறார்கள். அவர்களில் யாரை அங்கே அனுப்ப வேண்டும் என்று உணர்ந்து, பயம் தெளிவித்து அனுப்பிவைப்பதும் ஆலோசகரின் வேலைதான்.

களப்பயிற்சியைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவைப்பதுபோல் விலை கூடிய தவறு வேறொன்றில்லை. மேலே சொன்ன அமெரிக்க அளவையே எடுத்துக்கொள்வோம். 600 மணிநேர உள்ளகப் பயிற்சியில் 240 மணிநேரம் ஆலோசனை நாடி வருவோருடன் நேரடியாகச் செலவிட வேண்டும். வாரத்துக்கு 8 மணிநேரம் தடையின்றிக் கிடைத்தாலும் அதை முடிக்க 30 வாரங்கள் பிடிக்கும். பள்ளி விடுமுறை, தீபாவளி, தேர்வு வாரங்கள் எல்லாம் அதற்கு மேல். உள்நாட்டுத் திட்டங்களின் மணிக்கணக்கு வேறுபடலாம், கணக்குப் போடும் முறை இதுவே. மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைந்த பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. செம்பனைக் காட்டுக்கு நடுவே அறுபது எழுபது பிள்ளைகளோடு நடக்கும் தமிழ்ப்பள்ளியில் தனியாள் அமர்வுகளே போதிய அளவு கிடைக்கா, குழு ஆலோசனைக்கு எங்கே போவது? எனவே முதல் பருவத்திலேயே அருகிலுள்ள இடைநிலைப்பள்ளி, ஈப்போவில் உள்ள அமைப்பு என ஒன்றிரண்டு இடங்களைப் பேசி வைக்க வேண்டும். அந்த இடத்தில் மேற்பார்வை செய்கிறவர் பதிவு பெற்ற ஆலோசகர்தானா என்பதையும் விசாரிக்க வேண்டும். நல்ல மனிதர், பல்லாண்டு அனுபவம் உள்ளவர் என்பது மட்டும் போதாது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் விடுப்பைப் பற்றி முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசிவிடுவது நலம். முழுநேரப் பயிற்சி கேட்கும் திட்டமானால் சம்பளமில்லா விடுப்புக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பணிபுரியும் பள்ளியிலேயே பயிற்சியையும் முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வசதியாகத் தோன்றும். ஆனால் காலையில் கணக்குப் பாடத்துக்காகக் கண்டித்த பையனிடம் மதியம் மனம் திறந்து பேசச் சொன்னால் அவன் என்ன பேசுவான்? சிறிய ஊரில் இது பள்ளியோடும் நிற்பதில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் தீபாராதனை முடிந்து திருநீறு வாங்கும்போது அவனுடைய தாய் பக்கத்தில் வந்து, "டீச்சர், எம்பையன் உங்ககிட்ட என்ன சொன்னான்?" என்று கேட்பார். அவர் உங்கள் அத்தைக்குத் தோழியாகவும் இருப்பார். அந்தக் கேள்விக்கான பதிலைக் கோயிலில் நின்று தேட முடியாது. முதல் அமர்வுக்கு முன்பே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் வேளையில், எதை அவரிடம் சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன் என்று விளக்கியிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் இரகசியம் காக்கப்படாது. சிறார் பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை; குற்றம் செய்தவர் ஊர்ப் பெரியவராக இருந்தாலும் அதுவே நிலை. இவற்றைப் பிள்ளையிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு மேற்பார்வையாளரை அழைப்பதைவிட, தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்றால் தொடக்கத்திலேயே வேறொருவரிடம் ஒப்படைப்பதே மேல்.

அமர்வுகளின் ஒலி, ஒளிப்பதிவுகளைக் கவனக்குறைவாகக் கையாள்வது சிறிய விஷயமாகத் தோன்றினாலும் பெரிய இடருக்குக் கொண்டுபோய்விடும். பயிற்சி அமர்வுகளைப் பதிவுசெய்து மேற்பார்வையாளரிடம் காட்டச் சொல்வது வழக்கம். கைப்பேசியில் பதிவுசெய்தால், வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் கூகல் கணக்கில் அது தானாக ஏறிவிடக்கூடும். மறுநாள் மகனின் டேப்லட்டில் வந்து நிற்கும். தனியாக ஒரு கருவி, கடவுச்சொல் இட்ட கோப்பு, மதிப்பீடு முடிந்ததும் அழிப்பு என்று ஒழுங்கு வகுத்துக்கொள்ள வேண்டும். வகுப்புத் தோழர்களுடன் சூம் வழியாக நடத்தும் பாத்திரமேற்புப் பயிற்சியிலும் சிலர் சொந்தத் துயரங்களைச் சொல்வதுண்டு. பலகைத் தடுப்புக்கு அப்பால் மாமியார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் அறை அதற்கு ஏற்றதன்று. பள்ளி முடிந்தபின் ஓர் அறையை அனுமதி பெற்றுப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஊழியர் சேமநிதியின் கல்விக்கான மீட்பும், முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கிடைக்கும் வருமான வரி விலக்கும் அங்கீகாரம் பெற்ற கல்விநிலையங்களுக்கே பொருந்தும் என்பதை மறக்கலாகாது. பயிற்சிக்காக ஈப்போவுக்குப் போய்வரும் பெட்ரோல் செலவைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பட்டம் கைக்கு வந்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. ஊரார் மகிழ்ச்சியில் கோயில் திருவிழா மலரிலும் மன்றத்துப் பதாகையிலும் "மனநல ஆலோசகர்" என்று அச்சிட்டுவிடுவார்கள். வாரியத்தில் பதிவும் தொழில் நடத்துவதற்கான சான்றிதழும் கிடைக்கும் வரை அப்படி அழைக்கப்படுவதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. பள்ளியில் ஆலோசனை ஆசிரியராக நியமனம் பெற்றிருந்தாலும் அது அமைச்சு தந்த பணி நியமனமே தவிர வாரியப் பதிவு ஆகாது. ஆலோசனைத் துறையில் முதுகலை பெற்றவர் என்று மட்டும் போடும்படி, மலர் அச்சுக்குப் போகும் முன்பே செயலாளரிடம் சொல்லிவிடலாம்.