வீட்டுக்கு எந்த வைஃபை: 5, 6, 7?

டர்பனில் ஃபைபர் இணைப்புப் பெறும் நம் குடும்பங்கள் ரவுட்டர் வாங்கும்போது, பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்ப்பதற்கு முன் மாதக் கட்டணச் சீட்டில் உள்ள வேகத்தைப் பார்க்க வேண்டும். இணைப்பு 50 அல்லது 100 மெகாபிட் என்றால், 2013இல் வெளிவந்த வைஃபை 5 தரமே ஓர் அறைக்குள் அதை முழுமையாகக் கொடுத்துவிடும்; அதனினும் புதிய தரத்தை வாங்குவதால் வெளியிலிருந்து வரும் வேகம் கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது சுவரும் அண்டை வீடும். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கல் சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என்ற மூன்றே இருப்பதால், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டாரின் ரவுட்டரும் அதே தடத்தில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் அலை தளர்ந்துவிடும். வைஃபை 5 தரம் இந்த 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் (அலைவரிசைப் பகுதியில்) மட்டுமே இயங்குவது. அந்த ரவுட்டர்கள் 2.4இல் 2009ஆம் ஆண்டின் பழைய தரத்துக்கே இறங்கிவிடுகின்றன. வைஃபை 6 இரு பட்டைகளையும் மேம்படுத்துவதோடு, ஒரே ஒலிபரப்பைப் பல கருவிகளுக்குப் பங்கிட்டு அனுப்பவும் வல்லது. பாட்டி ஊருக்குக் காணொளியில் பேச, பேரப்பிள்ளைகள் பாடம் பார்க்க, தொலைக்காட்சியும் ஓடும் கூட்டுக் குடும்பத்துக்கு இந்தப் பங்கீடுதான் உண்மையான பயன். ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு வைஃபை 6 போதும் என்பதே என் உறுதியான கருத்து.

2024 சனவரியில் சான்றிதழ் தொடங்கிய வைஃபை 7இன் பெரும் கவர்ச்சி, 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடம். தென்னாப்பிரிக்காவில் அப்பட்டையின் கீழ்ப்பகுதியான 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையே வைஃபைக்குத் திறந்துள்ளது. அந்த 500 மெகாஹெர்ட்ஸுக்குள் அத்தகைய தடம் ஒன்றுதான் அடங்கும். அந்த அலை சுவரில் இன்னும் விரைவாகத் தேயும் என்பதுடன், உங்கள் கைபேசியும் அப்பட்டையை அறிந்ததாக இருக்க வேண்டும். கிகாபிட் இணைப்பும் புதிய கருவிகளும் உள்ளவர்கள் மட்டும் அதை நாடலாம்.

மிச்சமாகும் பணத்தில் பின்கட்டு வரை ஈதர்நெட் கம்பி இழுத்து, அங்கே இரண்டாவது அக்சஸ் பாயிண்ட் (கம்பி வழி வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி) ஒன்றைப் பொருத்துங்கள். எந்தப் புதிய தரமும் தராத நிம்மதியை அது தரும். வைஃபையைப் பூட்டிக் காக்கும் புதிய முறையான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு ரவுட்டரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய பிரின்டர் இணைய மறுத்தால் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2உம் சேர்ந்த கலப்பு முறையில் வைக்கலாம். மின்வெட்டுக்காகச் சிறிய யுபிஎஸ் வாங்குவோர், ரவுட்டரோடு சுவரில் உள்ள ஃபைபர் பெட்டியையும் அதில் இணைக்க வேண்டும். இரண்டில் ஒன்று அணைந்தாலும் இணையம் கிடைக்காது.