காற்று நின்றுவிட்டது என்று உடனே வெளியே வராதீர்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது, அதிராம்பட்டினத்தில் காற்று மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. புயல் கடலோரத்துக்குத்தான், நமக்கு மழையோடு போய்விடும் என்று இருந்த புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலும் மரங்கள் மிஞ்சவில்லை. அதனால் கடலிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்ற தைரியமே முதல் தவறு.

அடுத்தது, உயிரை வாங்குகிற தவறு. வடக்கிலிருந்து பேய்போல அடித்த காற்று திடீரென்று அடங்கும். ஓய்ந்துவிட்டது என்று மாட்டைப் பார்க்க, ஓடு பொறுக்க, பக்கத்து வீட்டை விசாரிக்க ஆட்கள் வெளியே வருவார்கள். ஆனால் அப்போது புயலின் கண், அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதி, நம் தலைக்கு மேலே இருக்கலாம், அது நகர்ந்ததும் அதே வேகத்தில் தெற்கிலிருந்து காற்று திரும்ப அடிக்கும், ஏற்கெனவே வேர் ஆடி நிற்கிற மரமெல்லாம் அப்போதுதான் சாயும். புயல் கடந்துவிட்டதாக வானொலியில் அறிவிக்கிற வரை உள்ளேயே இருங்கள், தயவுசெய்து.

மாடுகளைக் கொட்டகையில் கட்டிவைத்துவிட்டுப் போகாதீர்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது தானே மேட்டைத் தேடிப் போகும், கட்டியிருந்தால் சரிகிற கூரைக்கு அடியில்தான் கிடக்கும்.

அறுந்து கிடக்கும் கம்பியைக் கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொடக் கூடாது, இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தவர்களே செய்கிற தவறு ஒன்று உண்டு. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் பிடித்து வருவார்கள், மெயினை அணைக்காமல் வீட்டு வயரிங்கில் கொடுப்பார்கள், அந்த மின்சாரம் லைனுக்கே திரும்பிப் போய்க் கம்பத்தில் வேலை செய்கிறவரைத் தாக்கும். வெளியூர்களிலிருந்து நமக்காக வந்து சேற்றில் நின்று கம்பம் நடுகிறவர்கள் அவர்கள்.

வேரோடு சாய்ந்த புளி, வேம்பை அறுக்கும்போது வேர்க்குழியில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள், பாரம் குறைந்ததும் அடிமரம் சட்டென்று நிமிர்ந்து குழிக்குள் விழும்.

அப்புறம் தென்னை. விழுந்த மரங்களைத் தோப்பிலேயே மக்கட்டும் என்று விட்டால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், சில மாதத்தில் தப்பி நிற்கிற தென்னம்பிள்ளைகளின் குருத்தைக் குடைந்துவிடும். சேதக் கணக்கெடுப்பு முடிகிற வரை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு காத்திருங்கள், முடிந்ததும் அறுத்து வெளியேற்றுங்கள், எருக்குழியிலும் இந்த வண்டின் புழு வளரும், அதைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை அதில் கலந்துவிடுங்கள்.