ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தவருக்குத் துணையாக இருப்பது எப்படி?

சிங்கப்பூரில் தொழிலாளர் தங்குவிடுதியில் ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால், ஊரிலிருந்து ஏதோ செய்தி வந்திருக்கிறது. அறையே கூடி நின்று விசாரிக்க வேண்டாம். ஒருவர் மட்டும் போங்கள். "தம்பி, கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், வா" என்று கூப்பிடுங்கள். பலர் தூங்கும் அறையில் வாய்விட்டு அழக்கூட முடியாது. நடக்கும்போது பேச்சு தானாக வரும்.

"ஆண்பிள்ளை அழலாமா", "எல்லாம் விதி" என்ற இரண்டையும் சொல்லாதீர்கள். கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் நான் இவற்றை அடிக்கடி கேட்கிறேன். கேட்டவர் அதன்பின் வாயைத் திறப்பதில்லை. "அப்பாவைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, ஊருக்குப் போக விரும்புகிறாரா என்பதுதான். திருச்சிக்கு நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம் போலத்தான் ஆகும். ஆனால் விடுப்பும் டிக்கெட் பணமும் உடனே கிடைக்க வேண்டும். அந்த நிலையில் அவரால் முதலாளியிடம் கோவையாகப் பேச முடியாது. கூடவே போய் நீங்கள் பேசுங்கள். போக முடியாவிட்டால், வீடியோ அழைப்பில் அடக்கத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே இரவு 9:30 என்றால் அங்கே 7 மணிதான். குளித்து, இரண்டு வாய் ரசம் சோறு சாப்பிட்ட பிறகும் வீட்டாருடன் பேச நேரம் இருக்கிறது.

மறுநாள் வேலை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இரவு முழுவதும் தூங்காதவரைச் சாரத்தில் ஏற்றக் கூடாது. "எனக்கு ஒன்றுமில்லை அண்ணே" என்று அவர் சொல்வார், ஏற்காதீர்கள். காலைக் கூட்டத்துக்கு முன்பே பொறுப்பாளரிடம் "வீட்டில் துக்கம்" என்று சொல்லித் தரைவேலை கேளுங்கள். அதற்கு மேல் விவரம் யாருக்கும் தேவையில்லை.

ஆறுதலுக்கென்று வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைக்கத் தோன்றும். தீட்டு பார்க்கும் குடும்பமென்றால் அது அவரைச் சங்கடப்படுத்தும். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கூடும் நம்மவர் கூட்டம் சிலருக்குத் தெம்பு தரும், சிலருக்குத் தாங்காது.

"இனி இருந்து என்ன பயன்" என்று சொன்னால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். தற்கொலைத் தடுப்புக்கு உதவும் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 எண் இரவும் பகலும் இயங்குகிறது. ஆங்கிலம் அவருக்குத் தடுமாறினால் நீங்களே அழைத்துப் பேச்சைத் தொடங்கிக்கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

முதல் மூன்று நாள் எல்லோரும் விசாரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியம் எந்தத் தேதி என்று கேட்டு உங்கள் தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை வேலை முடிந்ததும் அவரைத் தேடிப் போங்கள்.