விண்டோஸ் மறுபடி போட்டதும் ஒரே ஆளுக்கு மூணு ஃபோல்டரா? டிலீட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

போன வாரம் அக்கா மக லேப்டாப்ப தூக்கிக்கிட்டு வந்து நிக்குது. சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு கடையில 80 வெள்ளி குடுத்து விண்டோஸ் மறுபடி போட்டாங்களாம், தொறந்து பார்த்தா டெஸ்க்டாப் காலி, எஸ்பிஎம் பரீட்சை நோட்ஸ், தோட்டத்து கோயில் திருவிழா படம் எல்லாம் போச்சு மாமான்னு ஒரே அழுகை. போகல. ஃபார்மட் பண்ணாம மேலயே போட்டிருந்தா பழசு எல்லாம் சி டிரைவுல 'விண்டோஸ் ஓல்ட்'னு ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கும், அதுக்குள்ள யூசர்ஸ்னு இன்னொரு ஃபோல்டர், அதுக்குள்ள உங்க பழைய பேருல ஒரு ஃபோல்டர்.

அக்கா மக லேப்டாப்புல அப்படி மூணு ஃபோல்டர் இருந்துச்சு. பழைய 'ஹோம்'ங்கற பேரு ஃபோல்டர் அந்த ஓல்டுக்குள்ள. புது யூசர்ஸ்ல இன்னொரு 'ஹோம்', கடைக்கார தம்பி டிரைவர் போட உண்டாக்குனது. அப்புறம் அக்கா மக ஈமெயில் போட்டு உள்ள வந்ததுல ஈமெயில் பேரோட முதல் 5 எழுத்துல ஒன்னு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்னா விண்டோஸ் அப்படித்தான் பேரு வைக்கும். சில பேருக்கு பழைய பேரு, ஒரு புள்ளி, அப்புறம் கம்ப்யூட்டர் பேருன்னு வால் நீண்டிருக்கும், அந்த பேருல ஏற்கனவே ஃபோல்டர் இருந்தா அப்படி ஆகும்.

முதல்ல நீங்க இப்ப எதுல குடியிருக்கீங்கன்னு பாருங்க. ஸ்டார்ட்ல கமாண்ட் பிராம்ப்ட்னு தேடி சும்மா தொறங்க, அட்மினா வேணாம், மைக்ரோசாஃப்ட்னு வர்ற வரிங்களுக்கு கீழ, கர்சர் மின்னற வரியில யூசர்ஸுக்கு அடுத்து ஒரு பேரு நிக்கும். அதுதான் உங்க வீடு. அதுல கை வைக்காதீங்க. டீஃபால்ட், பப்ளிக் ரெண்டும் விண்டோஸோடது, அதையும் விட்டுடுங்க.

அடுத்தது காப்பி. கட் இல்ல, காப்பி, அதுவும் வெளி ஹார்ட்டிஸ்க்குக்கு. பழைய ஃபோல்டர தொறந்தா பெர்மிஷன் இல்லன்னு கத்தும், கன்டினியூ அமுக்குனா உள்ள விடும், ஃபைல் நிறைய இருந்தா பச்சை கோடு மெதுவா நகரும், போய் ஒரு தே தாரேக் குடிச்சிட்டு வாங்க. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் மட்டும் எடுங்க, முழு ஃபோல்டரையும் தூக்கி புதுசு மேல போடாதீங்க, என்டி-யூசர்னு ஆரம்பிக்கற ஃபைல் எல்லாம் பழைய செட்டிங், புதுச கெடுத்துடும். குரோம் புக்மார்க் வேணும்னா மறைஞ்சிருக்கற ஆப்டேட்டாக்குள்ள லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டீஃபால்ட்னு போனா புக்மார்க்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும். சேவ் பண்ண பாஸ்வேர்ட அந்த மாதிரி எடுக்க முடியாது, அது பழைய அக்கவுண்ட்டோட பூட்டுல இருக்கு.

காப்பி முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஃபைல் எண்ணிக்கை ஒன்னா இருக்கான்னு பாருங்க. படம் நாலஞ்ச தொறந்தும் பாருங்க. நான் ஒரு தடவ இத பார்க்காம ரீசைக்கிள் பின்னுக்கும் போகாம அழிக்கற ஷிஃப்ட் டிலீட் அடிச்சதுல, தாத்தா தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல கித்தா (ரப்பர்) பால் வாளியோட நின்ன படம் போயிடுச்சு, இருந்ததே அந்த ஒரு படம்தான்.

இப்பதான் அழிக்கறது. யூசர்ஸுக்குள்ள இருக்கற ஃபோல்டர கையால டிலீட் பண்ணா விண்டோஸோட உள் கணக்கு மாதிரி இருக்கற ரெஜிஸ்ட்ரியில அதோட பேரு அப்படியே நிக்கும், அந்த அக்கவுண்ட் மறுபடி உள்ள வந்தா டெம்பரரி புரொஃபைல்னு தொல்லை குடுக்கும். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போயி ரிமூவ் அமுக்குங்க, ஃபோல்டரும் சேர்ந்து போயிடும். அக்கவுண்ட் இல்லாம ஃபோல்டர் மட்டும் அனாதையா கெடந்தா அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்ல யூசர் புரொஃபைல்ஸ்னு இருக்கற இடத்துல செட்டிங்ஸ் பட்டன் இருக்கு, அங்க 'அக்கவுண்ட் அன்நோன்'னு இருக்கறத எடுங்க. விண்டோஸ் ஓல்டுக்கு தனி வழி, செட்டிங்ஸ்ல சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ், அதுல பழைய விண்டோஸ் இன்ஸ்டாலேஷன டிக் பண்ணுங்க. ஆனா காப்பிய தள்ளிப் போடாதீங்க லா, அப்கிரேட் பண்ண கேசுல 10 நாள்ல விண்டோஸே அத அழிச்சிடும்.

இன்னொன்னு, மைக்ரோசாஃப்டோட கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவ் ஓடுச்சுன்னா டாக்குமெண்ட்ஸ் ரெண்டு இடத்துல தெரியும். அது மிச்சம் மீதி இல்ல. ஒன்டிரைவ் உள்ள இருக்கறத அழிச்சா மேல கிளவுட்லயும் போயிடும்.

அக்கா மக நோட்ஸ் எல்லாம் கெடைச்சிடுச்சு. அந்த ஹார்ட்டிஸ்க் மட்டும் எஸ்பிஎம் முடியற வரைக்கும் என் அலமாரியிலயே கெடக்கட்டும்னு சொல்லிட்டேன்.